அவசரப் படிக்கட்டின் கதவு உடைந்த விதம்

புகார் மனுவின் மேலே கண்ட பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் என்னுடையவையே. வயது அறுபத்து நான்கு. நான் மேற்படி பள்ளிக்கூடத்தின் தாளாளர். பள்ளியில் எல்லோரும் என்னைத் தாளாளர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள், வீட்டில் என் மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். என் பள்ளியில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பி.டி. டீச்சர், பள்ளிச் சொத்தான மரக்கதவை உடைத்ததற்காகவும், நாலு பேர் முன்னால் என்னை மரியாதை இல்லாமல் பேசியதற்காகவும் நேற்று மதியம் நான் கொடுத்த புகாரின் பேரில், இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி ஆய்வாளர் விசாரிக்க இதைச் சொல்கிறேன். வழக்குப் பதிவானால் அந்த அம்மாவுக்கு வேலை போய்விடும், அதன் பிறகு எந்தப் பள்ளியிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று ஆய்வாளர் முதலிலேயே கேட்டார். எல்லாம் யோசித்தாகிவிட்டது, எழுதுங்கள் என்று சொன்னேன். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும், நடுவில் தன் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று எழுத்தரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை உதறிக்கொண்டார்.

எங்கள் பள்ளிக் கட்டடம் தரைத்தளமும் மேலே இரண்டு மாடிகளும் கொண்டது. முன்பக்கம் அகலமான படிக்கட்டு. பின்பக்கம் குறுகலாக இன்னொரு படிக்கட்டு உண்டு. கட்டட அனுமதி கொடுக்கும்போதே, ஆபத்துக்கு ஓடுவதற்கு இது வேண்டும் என்று கட்டாயப்படுத்திக் கட்டவைத்தார்கள். அதற்கு அவசரப் படிக்கட்டு என்று பெயர். ஆபத்து என்று ஒன்றும் வரவில்லை. ஆனால் பெரிய வகுப்புப் பையன்கள் கணக்குப் பாடம் ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்த வழியாக நழுவித் தெருமுனைக் கடையில் போய் நின்றார்கள். கணக்கு வாத்தியார் பாதி வகுப்புக்குப் பாடம் நடத்திவிட்டு மீதிப் பாதியைத் தேடிக் கடைக்குப் போனார், போனவர் அங்கேயே டீ குடித்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு நான் மாடிகளில் அந்தப் படிக்கட்டுக்குப் போகும் வாசல் ஒவ்வொன்றுக்கும் நல்ல மரத்தில் புதுக் கதவு போட்டேன். இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவித் துளை வராந்தாப் பக்கம் மட்டும்தான். படிக்கட்டுப் பக்கம் துளையும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது, ஏனென்றால் கடைக்குப் போன பையன் திருட்டுத்தனமாகத் திரும்பி வரக் கூடாது. சீட்டு எழுதித் தள்ளுவார்கள் என்பதால் கதவின் அடியில் ரப்பர் பட்டை அடிக்கச் சொன்னேன். கீழே முற்றத்துக்குத் திறக்கும் இரும்புக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு. எல்லாச் சாவியும் ஒரே கொத்தாக என் இடுப்பில். ஏற்பாடு முழுவதும் என் சொந்த மூளை. வேலை முடித்த தச்சர், "ஐயா, உள்ள நகை ஏதாவது வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு போட்ட நாளிலிருந்து பி.டி. டீச்சர் அதைப் பற்றியே என்னிடம் வந்து நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், குரலும் மைதானத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது. என் அறையில் நின்று பேசினால் வாசலில் காவல்காரர் எழுந்து நிற்பார். "சார், அந்தக் கதவு திறந்திருக்கணும் சார்" என்றார். "திறந்து வச்சா பிள்ளைங்க ஓடிடுவாங்கம்மா" என்றேன். "ஓடறதுக்குத்தான சார் அதைக் கட்டினதே" என்றார். எதிர்த்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. போய் மைதானத்தைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அம்மாவுக்கு அந்தக் கதவின் மேல் முன்பே ஒரு கண் இருந்தது என்பது ஆய்வாளருக்குத் தெரிய வேண்டும்.

புகார் மனுவில் நீள மணி என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன என்று ஆய்வாளர் கேட்டதால் அதையும் சொல்கிறேன். முன்பு ஒரு முறை கல்வி அதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்குள் வந்துவிட்டார். நேராக ஒரு வகுப்பின் வாசலில் போய் நின்றார். முதல் பெஞ்சில் இருந்த குழந்தை அவரைப் பார்த்து, "டீச்சர் தூங்கறாங்க, அப்புறம் வாங்க" என்று ரகசியம் சொல்லிவிட்டது. என் மானம் கப்பலேறியது. அதன் பிறகு ஒரு விதி கொண்டுவந்தேன். வெளியாள் யாராவது வந்தால் பியூன் மணியை விடாமல் நீளமாக அடிக்க வேண்டும். அடித்ததும் எல்லா வகுப்புக் கதவும் சாத்த வேண்டும். பிள்ளைகள் கைகட்டி, வாயில் விரல் வைத்து உட்கார வேண்டும். டீச்சர் கரும்பலகை ஓரமாக நிற்க வேண்டும். திரும்பக் குட்டை மணி அடிக்கும்வரை, தலையில் இடியே விழுந்தாலும் ஒருவரும் அசையக் கூடாது. இடி என்பது என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான், காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறேன். வாராவாரம் ஒத்திகை பார்த்தோம். எந்த வகுப்பு அசையவில்லையோ அதற்கு அமைதிக் கேடயம் என்று ஒன்றும் வைத்தேன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கேடயத்துக்காகத் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டார்கள்.

இப்படி இருக்கையில், பள்ளிகளில் பாதுகாப்புத் தணிக்கை செய்யப்போகிறோம், இன்ன தேதியில் ஆள் வருவார், அவர் சரி என்று சொன்னால்தான் பள்ளிக்குச் சான்றிதழ் புதுப்பிக்கப்படும் என்று தகவல் வந்தது. தலைமை ஆசிரியைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் பதறவில்லை. எத்தனையோ பேர் வந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இவரும் குடித்துவிட்டுப் போவார் என்றேன். சுவருக்கு வெள்ளை அடித்தோம். வராந்தாவில் பச்சை அம்புக்குறிகள் ஒட்டினோம். வழியில் கிடந்த உடைந்த பெஞ்சுகள், கால் போன மேஜைகள், ஆண்டு விழா நாடகத்துக்குச் செய்த அட்டை மலை, ஒட்டுப்பலகைக் கோட்டை, காகிதச் சிங்கம் எல்லாவற்றையும் அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒளிக்க வேண்டியிருந்தது. யாரும் போகாத இடம் என்று எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. ஆகவே ஆபத்தான சாமான் அத்தனையையும் அவசரப் படிக்கட்டில் போட்டு அடைத்துப் பூட்டினோம்.

தணிக்கைக்காரர் நேற்றுக் காலையில் வந்தார். நான் பெரிய அதிகாரி ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஒல்லியாக, தோளில் ஒரு துணிப்பையும் கையில் அளவு நாடாவுமாக, தையல்காரர் மாதிரி இருந்தார். வெளியாள் வந்தால் மணி அடிப்பது வழக்கம் என்றாலும் அன்றைக்கு அடிக்க வேண்டாம், பிள்ளைகள் இயல்பாக இருப்பதைப் பார்க்கட்டும் என்று நானே சொல்லிவைத்திருந்தேன். டீ வரவழைத்தேன். வேண்டாம் என்றார். காப்பி என்றேன். தண்ணீர் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வந்த டீயை நானே குடித்தேன்.

அதன் பிறகு அவர் பள்ளியைச் சுற்றிப் பார்த்தார். சாதாரணமாக வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், என் அறையில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்ப்பார்கள். இவர் முட்டி போட்டுக்கொண்டு குழந்தையின் உயரத்துக்கு வந்து பார்த்தார். மாடிக் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில் தன் பைக்குள் வைத்திருந்த ரப்பர் பந்தை விட்டுப் பார்த்தார், பந்து அந்தப் பக்கம் போய்க் கீழே விழுந்தது, எடுத்து வர பியூன் ஓடினார். ஆய்வுக்கூடத்தில் தீயணைக்கும் கருவி எங்கே என்று கேட்டார். பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். "சாவி, ஐயா?" என்றார். இடுப்பைத் தட்டிக் காட்டினேன். "நீங்க லீவுல இருந்தா?" என்றார். "நான் லீவே போடறதில்லையே" என்றேன். "ரொம்ப நல்லதுங்க" என்று சொல்லி எழுதிக்கொண்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை, இந்த மனுஷன் எல்லாவற்றுக்கும் நல்லதுங்க நல்லதுங்க என்று சொல்லியே எழுதித் தள்ளினார்.

பிறகு, அவசரப் படிக்கட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். முதலில் கழிப்பறைகளைப் பார்த்துவிடலாமே, புதுசாகக் குழாய் போட்டிருக்கிறோம் என்று சொல்லி, தலைமை ஆசிரியைக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் தணிக்கைக்காரரை அந்தப் பக்கம் அழைத்துப் போனார். நான் முன்படிக்கட்டு வழியாக முதல் மாடிக்கு ஏறினேன். என் திட்டம் என்னவென்றால், கதவுக்குப் பக்கத்தில் கிடக்கும் நாலைந்து பெஞ்சுகளை மட்டும் கீழ்ப்பக்கம் தள்ளிவிட்டு, வாசலைத் திறந்து காட்டி, இருட்டில் மீதி தெரியாதபடி நானே குறுக்கே நின்றுகொள்வது. சாவி போட்டுத் திறந்தேன். சாவியை உருவி இடுப்பில் செருகினேன். உள்ளே போனேன். வராந்தாவில் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கதவை என் கையாலேயே இழுத்துச் சாத்தினேன்.

கதவு நல்ல கதவு, உடனே பூட்டிக்கொண்டது.

சாவிக் கொத்து முழுவதும் என் இடுப்பில். சாவித் துளை அந்தப் பக்கம். கையால் தடவிப் பார்த்தேன், பிடிக்க ஒரு ஆணிகூட இல்லை. கதவடியில் சாவியைத் தள்ளலாம் என்று குனிந்தால் ரப்பர் பட்டை விடவில்லை. இறங்கிப் போகலாம் என்றால் கீழே கூரை முட்டப் பெஞ்சு. ஏறிப் போகலாம் என்றால் மேலேயும் நான் போட்ட கதவு. செல்போன் என் மேஜையில் சார்ஜில் கிடந்தது. இதெல்லாம் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியது, தோன்றத் தோன்ற உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது அட்டை மலையின் மேல் என்பது மலை நசுங்கிய பிறகுதான் தெரிந்தது. அது நசுங்கியதில் மேலே அடுக்கியிருந்த பெஞ்சு ஒன்று சரிந்து என் இடது காலைக் கௌவிக்கொண்டது.

நான் முதலில் கத்தவில்லை. தாளாளர் என்கிற முறையில் மெதுவாக, பியூன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தணிக்கைக்காரர் காதில் விழக் கூடாது, பியூன் காதில் மட்டும் விழ வேண்டும் என்கிற அளவில் கூப்பிட்டேன். பதில் இல்லை. சிங்கத்திலிருந்தும் கோட்டையிலிருந்தும் கிளம்பிய தூசி மூக்கில் ஏறியது. எனக்கு மூச்சு இழுப்பு உண்டு. இழுக்கிற மருந்து மேஜை டிராயரில் இருக்கிறது. நெஞ்சில் விசில் அடிக்க ஆரம்பித்ததும் கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டு, "யாராவது கதவைத் திறங்கப்பா!" என்று சத்தமாகவே கத்தினேன்.

அப்போது பார்த்து நீள மணி அடித்தது. விடாமல் அடித்தது. அதன் பிறகு மணி நின்று, பள்ளி முழுவதும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், என் ஆயுளில் அப்படி ஓர் அமைதியை நான் அந்தக் கட்டடத்தில் கேட்டதில்லை. அந்த நிலைமையிலும் ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த நொடிதான், அடப்பாவி, இப்போது ஒருவரும் வர மாட்டார்களே என்று உறைத்தது.

வெளியே நடந்தது எனக்குப் பிற்பாடு தலைமை ஆசிரியை சொல்லித் தெரியும். கழிப்பறைக் குழாய்களைப் பார்த்து முடித்த தணிக்கைக்காரர், ஐயா வருகிறவரைக்கும் சும்மா இருப்பானேன், தீ விபத்து ஒத்திகை ஒன்று பார்த்துவிடலாம், தீ பிடித்தால் என்ன மணி அடிப்பீர்களோ அதை அடிக்கச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். எங்களிடம் தீக்கென்று தனி மணி கிடையாது. இல்லை என்று சொல்லத் தலைமை ஆசிரியைக்குத் துணிவு வரவில்லை. பியூனைப் பார்த்து, "நல்லா நீளமா அடிப்பா" என்று சொல்லிவிட்டார். பியூன் அடித்தார். தணிக்கைக்காரர் முற்றத்தின் நடுவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு குஞ்சு வெளியே வரவில்லை. வகுப்புக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. தலைமை ஆசிரியை சமாளித்துக்கொண்டு, "எங்க பிள்ளைங்க ஒழுக்கத்தைப் பாருங்க சார்" என்றிருக்கிறார். அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒழுக்கம் இருக்குங்க மேடம், ஆனா இவ்வளவு நேரத்துல புகை மேல் மாடி வரைக்கும் போயிருக்குமே" என்றாராம்.

என் சத்தம் கேட்டுமா ஒருவரும் வரவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். கேட்டிருக்கிறது. அந்த அமைதியில் எறும்பு இருமினால்கூடக் கேட்டிருக்கும். முதல் மாடி முழுவதும் என் குரல் கேட்டிருக்கிறது. கதவை ஒட்டிய அறை இரண்டாம் வகுப்பு. அந்த டீச்சரை நான் நேற்றே கூப்பிட்டு விசாரித்தேன். "ஐயா, நீங்க பிள்ளைங்களைச் சோதிக்கறீங்கன்னு நெனச்சேன் ஐயா. இடி விழுந்தாலும்னு நீங்கதான சொல்லுவீங்க, இடிக்குப் பதிலா நீங்களே கத்திப் பார்க்கறீங்கன்னு நெனச்சு, யாரும் அசையாதீங்கன்னு சைகை காட்டினேன் ஐயா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். நடிப்பு அவ்வளவு தத்ரூபமாக இருந்தது என்றும் சொன்னார். அந்த டீச்சர் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

அதன் பிறகு என்ன நடந்தது என்றால், மைதானத்தில் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த பி.டி. டீச்சருக்கு என் குரல் கேட்டிருக்கிறது. நீள மணி அடித்த பிறகு யாரும் இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அந்த அம்மாவுக்கும் பொருந்தும். விதியை மீறி, முன்படிக்கட்டில் தாவி ஏறி, கதவுக்கு வெளியே வந்து நின்று, "உள்ள யாரு?" என்று கேட்டார்.

"நான்தாம்மா."

"நான்தான்னா யாரு?"

"தாளாளர்மா!"

"சாவி எங்க சார்?"

"இடுப்புல."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஏதோ கேட்டது. சிரித்தார் என்று நான் சத்தியம் செய்து சொல்ல முடியாது. பிறகு கீழே ஓடுகிற சத்தம், திரும்ப மேலே ஏறி வருகிற சத்தம் கேட்டது. குண்டு எறிகிற போட்டிக்கு வைத்திருக்கும் இரும்புக் குண்டோடு வந்திருக்கிறார். "சார், தள்ளி நில்லுங்க!" என்று கத்தினார். "எங்கம்மா தள்ளி நிக்கறது, பின்னால பெஞ்சு, கீழ மலை, காலைச் சிங்கம் பிடிச்சிருக்கு" என்று எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். காலைப் பிடித்தது பெஞ்சுதான், சிங்கம் அல்ல, மூச்சுத் திணறலில் மாற்றிச் சொல்லிவிட்டேன். "அப்ப தலையை மட்டும் மூடிக்கோங்க" என்றார். கோட்டையின் ஒரு துண்டை எடுத்து மூடிக்கொண்டேன். பூட்டு இருந்த இடத்தில் இடி விழுந்த மாதிரி அடி விழுந்தது. பொறுப்பான மரம், சட்டென்று விடவில்லை. அந்த அம்மாவும் விடவில்லை. கடைசியில் பூட்டு, பலகை, சட்டம் மூன்றும் சேர்ந்து பிளந்து வெளிச்சம் வந்தது.

வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது பி.டி. டீச்சர், அவர் தோளுக்குப் பின்னால் தணிக்கைக்காரர், அவருக்குப் பின்னால் தலைமை ஆசிரியையும் பியூனும். தலையில் கோட்டையும் தோளில் சிங்கத்தின் பிடரிப் பஞ்சுமாக நான் உட்கார்ந்திருந்த கோலத்தை விவரிக்க விரும்பவில்லை. பெஞ்சைத் தூக்கிக் காலை விடுவித்தார்கள். அப்போதுதான் அந்த அம்மா இரும்புக் குண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எல்லோர் முன்னாலும், "எத்தனை தடவை வந்து சொன்னேன்! நீங்க தாளாளர்னு பூட்டுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார். பியூன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன். புகார் மனுவில் அவமானம் என்று நான் எழுதியிருப்பது இந்த வார்த்தையைத்தான்.

என் இழுப்பு மருந்தை எடுத்து வந்தது யார் என்று ஆய்வாளர் கேட்டார். அது மனுவில் இல்லாத விஷயம். இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். அந்த அம்மாதான் ஓடிப் போய் எடுத்து வந்தார். டிராயரும் பூட்டியிருந்தது. கொத்தில் சாவி தேடப் பொறுமை இல்லாமல் அதையும் உடைத்துத்தான் எடுத்தார். டிராயருக்காக நான் புகார் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னதும் உண்மை.

அதன் பிறகு தணிக்கைக்காரரை என் அறைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தேன். சான்றிதழ் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த எரிச்சலில், "உங்களுக்கு ஊர் ஊராப் போய்க் குறை கண்டுபிடிக்கறதுதான் வேலையா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "இல்லைங்க ஐயா. என்னைக்காவது நிஜமா வரப்போறதை முன்னாடியே ஒரு தடவை பொய்யா வரவச்சுப் பார்க்கறது. அவ்வளவுதான் என் வேலை" என்றார். அந்த நேரத்தில் அது எனக்கு வேதாந்தமாகத்தான் பட்டது. அவரை வழியனுப்பிவிட்டு, கட்டுப் போட்ட காலோடு நேராக இங்கே வந்து புகார் கொடுத்தேன்.

கதவை ஒட்டிய இரண்டாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று ஆய்வாளர் கேட்டார். நாற்பதுக்குப் பக்கம் இருக்கும் என்றேன். உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது அந்தப் பள்ளியில் படிக்கிறதா என்று கேட்டார். மகள் வயிற்றுப் பேத்தி படிக்கிறாள் என்றேன். எந்த வகுப்பு என்று கேட்டார். தண்ணீர் கேட்டேன். எழுத்தர் எழுந்து போய்க் கொண்டுவந்தார். குடித்துவிட்டுச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்புதான். இதை இங்கே சொல்ல வேண்டும் என்று நான் வரவில்லை. வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நான் கட்டை அவிழ்த்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற நாளாக இருந்தால் பேத்தி பள்ளிவிட்டு வந்ததும் பையை வீசிவிட்டு என் மடியில் வந்து விழுவாள். நேற்று கொஞ்சம் தள்ளியே நின்றாள். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"படிக்கட்டுல கத்தினது யாருன்னு தெரியுமாடா கண்ணு?"

"நீங்கதான் தாத்தா."

"எப்படித் தெரியும்?"

"உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டா எந்திரிச்சு வரல? டீச்சர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீள பெல் அடிச்சிருச்சே தாத்தா."

பயமாக இல்லையா என்று கேட்டேன். "இருந்துச்சு. அழுதேன். சத்தம் வராம அழுதேன் தாத்தா, விரலைக்கூட எடுக்கல" என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். சமத்து என்று நான் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெந்நீர் ஆறிப்போகிறது, வேறு கொண்டுவரச் சொல் என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டேன்.

இதற்குப் பிறகும் இன்று காலையில் புகாரை வலியுறுத்த ஏன் வந்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். வீம்புதான், வேறு காரணம் இல்லை. கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கினால் நாலு பேர் சிரிப்பார்களே என்று வந்தேன். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தபோதும் கதவை உடைத்த அந்த அம்மாவைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டி முடிகிற ஒவ்வொரு தடவையும் பிள்ளை விரலை வாயில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நேற்று மாட்டிக்கொண்டது நான். தூசியோடு போயிற்று. நெருப்பாக இருந்து, அது அவள் வகுப்புப் பக்கம் வந்திருந்தால், அவள் அப்படியேதான் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். யார் கூப்பிட்டாலும் அசைந்திருக்க மாட்டாள். எழுந்து ஓடினால் தாத்தா கோபித்துக்கொள்வார் என்று நினைத்திருப்பாள். எழுத்தர் இதையும் எழுதிக்கொள்ளட்டும்.

ஆகவே பி.டி. டீச்சர் மேல் நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் பேசியதில் அவமானம் எதுவும் இல்லை, கேட்டது நியாயமான கேள்வி, பூட்டுக்கு ஆள் தெரியாது. மேல் மாடிக் கதவையும் கீழே உள்ள இரும்புக் கதவையும் இன்றே கழற்றச் சொல்லப் போகிறேன். தச்சர் வரத் தாமதமானால் அந்த அம்மாவிடமே ஒப்படைத்துவிடுவேன், அவருக்கு அதற்கு ஆயுதம் எதுவும் புதிதாக வாங்கித்தர வேண்டியதில்லை. தணிக்கைக்காரரைத் திரும்பவும் வரச்சொல்லிக் கேட்கப்போகிறேன். அவர் டீ குடிக்காவிட்டாலும் பரவாயில்லை. இன்று சாயங்காலம் பிள்ளையிடம், மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நம்புவாளா என்று தெரியவில்லை, இத்தனை நாள் வேறு மாதிரி சொன்னவனும் நான்தானே.

இதில் உள்ளது முழுவதும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகச் சொன்னது. எழுத்தர் முதலிலிருந்து கடைசிவரை எனக்குப் படித்துக் காட்டினார், திருத்தம் எதுவும் இல்லை, எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுகிறேன். பிள்ளை சொன்ன அந்த இடம் வந்தபோது மட்டும், அதை வாய்விட்டுப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதுவும் உண்மைதான்.

(கையெழுத்து)
தாளாளர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(கையெழுத்து)
காவல் ஆய்வாளர்